ஜென் தியானத்துக்கு இலவம்பஞ்சு வட்டத் தலையணை: மெத்தைக்கடையிலேயே தைத்துக்கொள்ளலாம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். தரையில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பழக நினைப்பவர்கள் கட்டாயம் ஒரு வட்டத் தலையணை வாங்குங்கள், ஆனால் அதை இணையத்தில் மூவாயிரம் நாலாயிரம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பக்கத்தில் உள்ள மெத்தைக்கடையில் அளவு சொல்லி இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக்கொண்டாலே போதும். நான் போடிநாயக்கனூரில் தைத்தேன். துணி, பஞ்சு, கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆனது. காலையில் அதில்தான் உட்காருகிறேன். அதில் குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஜப்பானியர்கள் இதை ஜாஃபு என்கிறார்கள். சுற்றிலும் மடிப்பு வைத்துத் தைத்த தடித்த வட்டத் தலையணை, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் அகலம். அடியில் விரிக்கும் சதுர மெத்தைக்கு ஜாபுட்டன் என்று பெயர். அதற்கு நாம் தனியாகச் செலவு செய்ய வேண்டாம், பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் ஆயிற்று.

"நாமதான் பொறந்ததுலேருந்து தரையில உட்காருறோமே, நமக்கு எதுக்குத் தலையணை?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பந்தியில் உட்கார்வதும் ஜாஜென்னில், அதாவது ஜென் பௌத்தர்களின் உட்கார்ந்து செய்யும் தியானத்தில், உட்கார்வதும் ஒன்றில்லை. சாப்பிடும்போது முன்னால் குனிகிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேசுகிறோம், கால் மரத்தால் மாற்றிப் போடுகிறோம், உடம்பு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஜாஜென்னில் இருபத்தைந்து நிமிடமோ அரை மணியோ ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். வெறும் தரையில் சம்மணம் போட்டால் பத்து நிமிடத்தில் இடுப்பு பின்னால் சரியும், முதுகு வளையும், முழங்கால்கள் இரண்டும் தரையை விட்டு மேலே எழும்பும். பாரம் முழுவதும் வால் எலும்பில் வந்து விழும். இடுப்பைத் தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் உயர்த்திவிட்டால் இடுப்பெலும்பு லேசாக முன்னால் சாயும், முழங்கால்கள் தாமாகவே தரையில் பதியும், முதுகெலும்பு நாம் ஒன்றும் செய்யாமலே நிமிர்ந்துகொள்ளும். இரண்டு முழங்கால், ஒரு இருக்கை, இந்த மூன்று இடத்தில் பாரம் பிரிந்துவிடுகிறது. தலையணையின் முன்பாதியில்தான் உட்கார வேண்டும், நடுவில் உட்கார்ந்தால் தொடை மரத்துப்போகும். இதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்லித் தருவதில்லை.

இது இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1223-இல் சீனாவுக்குப் போய் 1227-இல் ஜப்பான் திரும்பிய டோகென் என்ற துறவி, திரும்பியதும் எழுதிய தியானக் குறிப்பிலேயே இது இருக்கிறது. தடித்த விரிப்பைப் போடு, அதன்மேல் தலையணையை வை, காது தோளுக்கு நேராக இருக்கட்டும், மூக்கு தொப்புளுக்கு நேராக இருக்கட்டும், கண்ணை மூடாதே, உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஒரு நிலைக்கு வா. பெரிய ஞானி எழுதிய முக்கியமான நூலில் இவ்வளவு தூரம் விரிப்பையும் தலையணையையும் பற்றிப் பேச்சு வருகிறதே என்பதுதான் எனக்கு ஜென் மேல் முதலில் மரியாதை வந்த இடம். வானத்தைப் பார்த்துப் பேசாமல் முழங்காலைப் பார்த்துப் பேசுகிறார்.

சரி, பொருளுக்கு வருவோம். இலவம்பஞ்சுக்கு வருவதற்கு முன்னால் இணையத்தில் ஒரு தலையணை வாங்கி வைத்திருந்தேன், பக்வீட் என்ற தானியத்தின் உமி அடைத்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இது நிறையப் புழங்குகிறது. உமி நம் உடம்புக்கு ஏற்றபடி நகர்ந்து இடம் கொடுக்கும், உயரம் அதிகமென்றால் ஜிப்பைத் திறந்து இரண்டு கை அள்ளி வெளியே போட்டுவிடலாம், அமுங்கித் தட்டையாவது என்ற பேச்சே இல்லை. இதெல்லாம் உண்மையான நல்ல குணங்கள். ஆனால் கனம். இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. கொஞ்சம் அசைந்தாலும் சரசரவென்று சத்தம் வரும், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அமைதியான அறையில் அது எல்லார் காதிலும் விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாடை பிடித்துக்கொண்டது, வெயிலும் இல்லை, காய வைக்க வழியும் இல்லை. நம் ஊர் ஈரத்துக்கு அது சரிப்படவில்லை என்பதுதான் என் அனுபவம். வறண்ட ஊரில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஃபோம் அடைத்தவையும் கிடைக்கின்றன. வேண்டாம். உட்கார்ந்ததும் சுகமாக இருக்கும், பதினைந்தாவது நிமிடம் தரை தட்டும். பாலியஸ்டர் ஃபைபர் அடைத்தது அதைவிட மோசம், உள்ளே உருண்டு உருண்டு கட்டியாகிவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சக்கரங்களைத் திறக்கும், எதிர்மறை ஆற்றலை உறிஞ்சும், ஏழே நாளில் மன அமைதி என்றெல்லாம் தலையணையின் மேல் எழுதி விற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது. மனசு உடைந்துபோய்த் தியானத்தைத் தேடி வருகிறவர்கள்தான் அந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

போடிக்கு வருகிறேன். தேனி மாவட்டத்தில் இலவம்பஞ்சு என்றாலே போடிதான், ஏலக்காயைப் போலவே இதற்கும் பேர் போன ஊர். மலையடிவாரத்துத் தோட்டங்களில் இருந்து காய் வருகிறது, விதை எடுத்த பஞ்சு அங்கிருந்து எல்லா ஊர் மெத்தைக்கடைக்கும் போகிறது. நான் போனது ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"வட்டமாவா? சாமி பீடத்துக்காம்மா?" என்றார்.

"இல்லண்ணே, நான் உட்காரத்தான்."

"உட்கார எதுக்கு இவ்வளவு ஒசரம்? சதுரமா தைச்சுத் தாரேன், பின்னாடி சோபாவுக்கும் ஆகும்."

செல்போனில் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலையில பானை வைக்கிற சும்மாட்டைப் பெருசா பண்ணி ஓட்டையை அடைச்ச மாதிரி, அப்படிச் சொல்லும்மா" என்றார். அதைவிடச் சரியாக யாரும் ஜாஃபுவை வர்ணித்து நான் கேட்டதில்லை.

இரண்டு வட்டம் வெட்டினார், அப்புறம் நீளமாக ஒரு பட்டை. பட்டையைச் சேலைக் கொசுவம் வைப்பதுபோல் விரலால் மடித்து மடித்து வட்டத்தின் விளிம்போடு சேர்த்துத் தைத்தார். இந்த மடிப்பு அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பஞ்சை அடைக்கும்போதுதான் தெரிந்தது, மடிப்பு இல்லாவிட்டால் பக்கவாட்டில் துணி விரிந்துகொடுக்காது, பஞ்சு ஓரம்வரை போகாமல் நடுவிலேயே குவிந்துவிடும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பிடி ஒரு பிடியாக உள்ளே போட்டு, மழுங்கிய கம்பால் முதலில் ஓரத்தைச் சுற்றி இடித்து நிறைத்தார், கடைசியாகத்தான் நடுவுக்கு வந்தார். கடை முழுக்கப் பஞ்சு மிதந்தது, எங்கள் இருவர் புருவத்திலும் வெள்ளை. நிரம்பிவிட்டது என்று நான் நினைத்த பிறகும் நிறுத்தவில்லை. அதை வாசலில் போட்டு, அவரே மேலே உட்கார்ந்து பார்த்து, எழுந்து, இன்னும் மூன்று பிடி திணித்தார். கையில் வாங்கியபோது கல்லுபோல் இருந்தது. "இப்ப இப்படித்தான் இருக்கும். ஒரு மாசம் போனா அமுங்கும், அப்பக் கொண்டா, மேல கொஞ்சம் போட்டுத் தாரேன்" என்றார். அவர் சொன்ன மாதிரியேதான் ஆயிற்று.

ஜப்பானில் ஜாஃபுவுக்குப் பழைய முறைப்படி அடைப்பதும் இலவம்பஞ்சுதான். அது வெப்ப நாட்டு மரம், அங்கே விளைவதில்லை, நம் மாதிரி நாடுகளிலிருந்துதான் போக வேண்டும். இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் நூலாக நூற்க வராது, அடைக்கத்தான் ஆகும். உள்ளே காற்று நிறைந்த குழாய் போன்ற இழை, மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். மழைக்காலத்திலும் என் தலையணையில் வாடை வராததற்கு இதுதான் காரணம். கனமும் இல்லை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். சத்தம் சுத்தமாக இல்லை.

குறை என்று சொன்னேனே, அது இந்த அமுங்கல்தான். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் நடுவில் பள்ளம் விழும். இதற்கு ஜென் மடங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எழுந்ததும் தலையணையைப் பக்கவாட்டில் நிறுத்தி, மேலிருந்து உள்ளங்கையால் அமுக்கி, சுற்றிச் சுற்றி உருட்டி மறுபடி வட்டமாக்கி, துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, அடுத்து வருபவருக்கு என்று வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். நாம் உட்கார்ந்த அடையாளமே அதில் இருக்கக் கூடாது. எனக்குத் தியானத்தில் பிடித்த பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்தால் பஞ்சு மறுபடி உப்பிக்கொள்ளும்.

இந்தத் தலையணையை நான் முதலில் பார்த்தது கொடைக்கானல் பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜெண்டோவில். 1996-இல் தொடங்கிய ஜென் மையம். தொடங்கியவர் ஆமா சாமி, இயேசு சபைப் பாதிரியார், ஜப்பானில் காமகுராவில் யமடா கோவுன் என்ற ஆசிரியரிடம் பயின்று 1982-இல் கற்பிக்க அனுமதி பெற்ற தமிழர். யமடா துறவி இல்லை, குடும்பஸ்தர், வேலைக்குப் போய்க்கொண்டே ஜென் கற்பித்தவர். அவருடைய சின்ன ஜெண்டோவில், அதாவது தியானக் கூடத்தில், கத்தோலிக்கப் பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். மதம் மாறு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

இதற்கு வழி போட்டுக் கொடுத்தவர் ஹ்யூகோ லசால், ஜெர்மானியப் பாதிரியார். 1929-இல் ஜப்பானுக்கு வந்தவர், 1945-இல் அணுகுண்டு விழுந்த அன்று ஹிரோஷிமாவில் இருந்து காயத்தோடு பிழைத்தவர், பிறகு ஜப்பானியக் குடியுரிமை வாங்கி எனோமியா என்று பெயர் வைத்துக்கொண்டவர். இந்தத் தியானத்தைப் பற்றி அவர் எழுதியது அவருடைய திருச்சபைக்கே முதலில் பிடிக்கவில்லை. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் அறிக்கை வந்தது. பெருமாள்மலையில் ஒரு பாதிரியார் ஜென் மையம் கட்ட முடிந்ததற்குப் பின்னால் இத்தனை பேருடைய பொறுமை இருக்கிறது.

எங்கள் ஊரில் ஞாயிறு சாயங்காலம் ஒரு நண்பர் வீட்டு மாடியில் உட்காருகிறோம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், மஃரிப் தொழுகை முடித்துவிட்டு வருவார். பிரதோஷம் தவறாத நான். அப்புறம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியார் தொண்டர் ஒருவர், முதுகு வலிக்காக வந்தவர், இப்போது எங்களை எல்லாம்விட ஒழுங்காக வருகிறார். ஜெண்டோ வழக்கப்படி உட்காரும் முன் தலையணையைப் பார்த்து ஒரு வணக்கம், திரும்பி எதிரில் இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார், "கும்பிடுறதெல்லாம் நம்மகிட்ட இல்லம்மா, தலையணையும் சாமியாயிடுச்சா?" என்று. "உங்களுக்கு எதுல மனசு ஒப்புதோ அது போதுங்க ஐயா" என்றோம். இன்றைக்கும் தலையணைக்கு அவர் வணக்கம் வைப்பதில்லை, ஆனால் எதிரில் இருக்கும் எங்களுக்கு வைக்கிறார். பாயும் அப்படித்தான். எங்கள் மாடியில் இதற்கு மேல் விதி ஒன்றும் இல்லை. நம்பிக்கையை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லவும் இல்லை, இங்கே வந்து புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

இந்த மாதிரி மனசாட்சிக்கு இடம் விடும் மதத்துக்கு நம் சென்னையிலேயே இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை ஒன்று உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. திருவேங்கடம் என்ற வேளாளர், அடிமையாக இருந்து, இங்கிலாந்து வரைக்கும் வேலைக்காரராகப் போய்வந்து, முதலாளியின் பெயரையே எடுத்துக்கொண்டு வில்லியம் ராபர்ட்ஸ் ஆனவர். கடவுள் ஒருவர்தான், இயேசு மனிதர்தான், வேதத்தையும் அறிவைக் கொண்டு படிக்க வேண்டும் என்ற யூனிடேரியன் கொள்கை அவருக்குப் பிடித்துப்போனது. 1795-இல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார், 1813-இல் புரசைவாக்கத்தில் கோயில் கட்டினார், வழிபாட்டைத் தமிழில் நடத்தினார். வெள்ளைக்காரப் பாதிரியார் யாரும் வந்து ஆரம்பித்துவைத்ததில்லை. ஒரு வேலைக்காரர் சொந்தமாக யோசித்து, சொந்தமாக முடிவெடுத்து நடத்திய சபை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அமெரிக்காவில் ஜென் வேர்விட்டதிலும் இதே யூனிடேரியன்களுக்குப் பங்குண்டு. 1893 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த சர்வ சமய மாநாட்டை நமக்கெல்லாம் விவேகானந்தரால் தெரியும். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஜென்கின் லாயிட் ஜோன்ஸ், யூனிடேரியன் பாதிரியார். அதே மேடைக்கு ஜப்பானிலிருந்து வந்தவர் சோயென் ஷாக்கு, ரின்சாய் என்ற ஜென் பிரிவின் துறவி. அவர் அதற்குச் சில வருஷம் முன்பு, 1887-இல், இலங்கைக்குப் போய்ப் பாலி மொழி படித்தவர். மேற்கில் ஜென் பற்றிய பேச்சு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்கும் அமெரிக்காவில் பல ஊர்களில் ஜென் குழுக்கள் யூனிடேரியன் தேவாலயங்களின் அறையில்தான் கூடுகின்றன. ஞாயிறு காலை அங்கே பாட்டும் பிரசங்கமும், வேறொரு நாள் சாயங்காலம் அதே அறையில் தலையணைகள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அழகான கதைதான். ஆனால் மாடியில் தியானம் முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டே ஏதாவது படிப்போம், அப்படி ஒரு ஞாயிறு அந்த ஆசிரியை எடுத்து வந்த விஷயம் எங்களை உலுக்கிவிட்டது. அதே சோயென் ஷாக்கு சிகாகோவில் போருக்குப் பதில் சமரசம் வேண்டும் என்றும் ஒரு உரை கொடுத்திருக்கிறார். 1904-இல் ரஷ்யாவோடு போர் வந்தபோது ஜப்பானியப் படையோடு மதகுருவாகப் போனார். போருக்கு எதிராகச் சேர்ந்து குரல் கொடுக்கலாம் என்று டால்ஸ்டாய் எழுதிக் கேட்டபோது மறுத்துவிட்டார். யமடாவின் குருவான யசுதானி, என் தலையணை வந்த வழியில் இருக்கும் மனிதர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தேசியவெறிக் கருத்துகளை எழுதியவர். ஜென்னில் பெரிய பிரிவான சோட்டோ சபை தன்னுடைய போர்க்கால நடத்தைக்காக 1992-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. யசுதானி தொடங்கிய அமைப்பு 2001-இல் அவர் எழுத்துக்காக வருத்தம் தெரிவித்தது.

இன்னொருவரும் இருந்தார். உச்சியாமா குடோ, ஹகோனே மலைப்பகுதியில் ஒரு சின்னக் கோயிலைக் கவனித்துக்கொண்ட சோட்டோ துறவி. குத்தகை விவசாயிகளின் பக்கம் நின்று, அரசருக்கும் நிலக்கிழார்களுக்கும் எதிராக எழுதி, ரகசியமாக அச்சடித்துப் பரப்பினார். 1911-இல் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின வருஷமே சபை அவரைத் துறவிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 1993-இல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

எல்லாரும் இதே மாதிரி வட்டத் தலையணையில்தான் உட்கார்ந்தார்கள். உச்சியாமாவும் சரி, போருக்குப் பாட்டுப் பாடியவர்களும் சரி, ஒரே மாதிரி முதுகை நிமிர்த்தி, ஒரே மாதிரி மூச்சைக் கவனித்தவர்கள். அதனால்தான் இந்த விமர்சனத்தில் இவ்வளவு வரலாற்றைப் போட்டேன். தலையணை இடுப்பைத் தாங்கும். உட்கார்வது மனதைக் கொஞ்சம் அடக்கும், கோபம் வருவதற்கும் பேசுவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும், இது என் வீட்டார் சாட்சி சொல்லக்கூடிய உண்மை. ஆனால் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லித் தராது. அதற்குக் கேள்வி கேட்கப் பழக வேண்டும், குரு சொன்னாலும் சபை சொன்னாலும் என் மனசாட்சி ஒப்புகிறதா என்று பார்க்க வேண்டும், நம் ஆட்கள் செய்த தப்பையும் சேர்த்தே வரலாற்றைப் படிக்க வேண்டும். புரசைவாக்கத்து ராபர்ட்ஸ் செய்த வேலை அதுதான். எனக்கு இரண்டும் வேண்டும், காலையில் தலையணையும் ஞாயிற்றுக்கிழமை டீயோடு அந்த வாக்குவாதமும். மன அமைதி மட்டும் போதும் என்று விற்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் சண்டையும் இதுதான்.

ஜென்னைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் என்று சொல்லப்படும் போதிதர்மரைப் பற்றி யாராவது கேட்பீர்கள், தெரியும். காஞ்சிபுரத்து இளவரசர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனப் பதிவு, ஆறாம் நூற்றாண்டில் லுவோயாங் நகரைப் பற்றி எழுதியது, அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. அதற்கு அடுத்து வந்த குறிப்புதான் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் அதிலும் இல்லை, பின்னால் சேர்ந்தது. இருந்தாலும் இருக்கலாம், ஆனால் ஆதாரம் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

இனி வாங்குகிறவர்களுக்கு. கடையில் சொல்ல வேண்டிய அளவு: அகலம் 35 சென்டிமீட்டர், உயரம் 18. அமுங்கிய பிறகு 14 வரை வந்து நிற்கும், சராசரி உயரம் உள்ளவருக்கு அது சரி. தொடை இறுக்கமாக இருப்பவர்கள், ரொம்ப வருஷம் நாற்காலியிலேயே வேலை பார்த்தவர்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். மெல்லிய துணி வேண்டாம், இழை வெளியே வந்துகொண்டே இருக்கும், காடாத் துணியில் உள்ளுறையும் டிரில் துணியில் மேலுறையும் தனித்தனியாகக் கேளுங்கள், மேலுறையைத் துவைக்கலாம். உள்ளுறையில் ஒரு சாண் நீளத்துக்கு ஜிப் வைக்கச் சொல்லுங்கள், பிறகு பஞ்சு சேர்க்க அது இல்லாமல் முடியாது. ஆஸ்துமா இருப்பவர்கள் பஞ்சு அடைக்கும் இடத்தில் நிற்காமல் சொல்லிவிட்டு வந்து, பிறகு போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தத் தலையணையை நான் சொல்ல மாட்டேன். சாய்வான சின்ன மரப்பலகை இருக்கிறது, மண்டியிட்டு அதன்மேல் உட்காரலாம், தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். முழங்கால் மடக்கவே முடியாது என்றால் கைப்பிடி இல்லாத மர நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல், பாதம் முழுதாகத் தரையில் பதிய உட்கார்ந்தால் போதும். எங்கள் மாடியில் ஒரு நாற்காலி எப்போதும் இருக்கும், அதில் உட்காருகிறவரைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை.

பஞ்சு வாங்கும்போது கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். விதை தட்டுப்படக் கூடாது, மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் நிறம் மங்கி இழை நீளமாகத் திரியும், நல்ல இலவம்பஞ்சு பட்டுபோல் மினுங்கி விரலில் வழுக்கும். பங்குனி சித்திரையில் காய் வெடிக்கும், அதையொட்டிப் போனால் புதுப் பஞ்சு கிடைக்கும். மற்ற மாதங்களில் போனால் போன வருஷத்துச் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள், பழையது சீக்கிரம் அமுங்கிவிடும்.